பம்பு கம்பெனியிலிருந்து ஏரோஸ்பேஸ்: எம்.டெக்கா, எம்.எஸ்ஸா, அமெரிக்காவா?

கணபதி பட்டறை எழுதியது:

வணக்கம். வியாழக்கிழமை மாலைக்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வீட்டில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 25. கோவை. 2021-இல் மெக்கானிக்கல் முடித்தேன், சிஜிபிஏ 7.9. நான்கு வருடமாக ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். மோனோபிளாக், சப்மெர்சிபிள் என்று வருவதையெல்லாம் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஹெட், டிஸ்சார்ஜ், கரண்ட் எடுத்து ரிப்போர்ட் போடுவது என் வேலை. அப்பா கணபதியில் இரண்டு லேத் போட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் படிக்கும் காலத்தில் லீவு விட்டால் நானும் அங்கேதான். ஒரு பம்பு உள்ளே சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்தது அந்தப் பட்டறையில்தான். இன்றைக்கும் மீட்டர் சொல்வதற்கு முன்னால் என் காது சொல்லிவிடும்.

பத்தாவது படிக்கும்போது, 2014 செப்டம்பர் 24 அன்று, மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்ததைப் பள்ளியில் டிவி வைத்துக் காட்டினார்கள். ஆசை அன்று வந்தது. வீட்டு நிலைமைக்குப் பக்கத்துக் கல்லூரியில் மெக்கானிக்கல்தான் கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே மூன்று முறை கேட் நுழைவுத்தேர்வு எழுதி, இந்த வருடம் ஓரளவு நல்ல ஸ்கோர்.

இப்போது கையில் மூன்று வழி இருக்கிறது.

ஒரு ஐஐடியில் ஏரோஸ்பேஸ் எம்.டெக், ஏரோடைனமிக்ஸ் பிரிவு. ஐஐடி எம்.டெக் இடங்களுக்கான பொது இணையதளமான கோஆப் போர்ட்டலில் ஆஃபர் வந்திருக்கிறது. இதற்குத்தான் வியாழக்கிழமை கெடு.

வேறொரு ஐஐடியில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு. ஆனால் மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட். இண்டர்வியூ முடிந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். ராக்கெட் டர்போபம்பில், அதாவது இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளும் அதிவேகப் பம்பில், அழுத்தம் குறைந்து திரவம் குமிழ் குமிழாக ஆவியாகும் கேவிட்டேஷன்தான் அந்த கைடு (வழிகாட்டிப் பேராசிரியர்) கொடுக்கும் தலைப்பு.

மூன்றாவது, அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் அண்ட் ஏரோஸ்பேஸ் எம்.எஸ். பெரியப்பா மகன் அங்கே இருக்கிறான். வந்துவிடு என்கிறான். உதவித்தொகை இல்லை. 48 லட்சம் கடன் வாங்க வேண்டும். அப்பா பட்டறை இடத்தை அடமானம் வைக்கத் தயார் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பயம் இரண்டு. மெக்கானிக்கல் படித்தவள் ஏரோஸ்பேஸ் வகுப்பில் போய் நிற்க முடியுமா? அடுத்தது, எம்.எஸ். எடுத்தால் சான்றிதழில் மெக்கானிக்கல் என்றுதான் இருக்கும். நான்கு வருடம் பம்போடு கிடந்துவிட்டு ராக்கெட் பக்கம் போகலாம் என்று கிளம்பினால், மறுபடியும் பம்பா? அண்ணன், அக்காமார் யாராவது தெளிவு சொல்லுங்கள்.


வேலூர் வாத்தியார் எழுதியது:

முதல் பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் அம்மா. இருபது வருடமாக ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துகிறவன்.

சதீஷ் தவான் லாகூரில் படித்தது மெக்கானிக்கல் பி.இ. அதோடு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.வும் படித்தவர். அதற்கப்புறம்தான் அமெரிக்கா போய் ஏரோநாட்டிக்ஸ். 1951-இல் கால்டெக்கில் பிஎச்.டி. வாங்கித் திரும்பி வந்து, பெங்களூர் ஐஐஎஸ்சியில் காற்றுச் சுரங்கங்கள் கட்டினார். 1972-இல் இஸ்ரோ தலைவரானார். அவரிடம் ஐஐஎஸ்சியில் படித்த ரொத்தம் நரசிம்மாவும் 1953-இல் பெங்களூரில் மெக்கானிக்கல் முடித்தவர்தான். எல்லைப்படல ஓட்டம் எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்பதில் உலகம் இன்றும் படிக்கிற வேலையைச் செய்தவர். இவர்களைவிடவா?

பாடமாகப் பார்த்தாலும் அப்படித்தான். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட், ஹீட் டிரான்ஸ்ஃபர், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், வைப்ரேஷன் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கேஸ் டைனமிக்ஸின் ஆழம், ஃப்ளைட் மெக்கானிக்ஸ், மெல்லிய சுவர்க் கட்டமைப்புகள், சுற்றுப்பாதைக் கணக்கு. ஒரு செமஸ்டர் உட்கார்ந்து உழைத்தால் பிடித்துவிடலாம். என் மாணவர்கள் பிடித்திருக்கிறார்கள். கோடையிலேயே கேஸ் டைனமிக்ஸை ஆரம்பித்துவிடுங்கள். நார்மல் ஷாக், ஆப்ளிக் ஷாக், நாசில் ஓட்டம், இந்த மூன்றையும் கையால் கணக்குப் போட்டுப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று. இஸ்ரோவில் சயன்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்சி (எஸ்சி என்பது பதவி நிலையின் பெயர்) பதவிக்கு அவர்கள் கேட்கிற அடிப்படைத் தகுதியே 65 சதவீதத்தோடு பி.இ.தான், சிஜிபிஏ என்றால் 6.84. மெக்கானிக்கலுக்குத் தனியாகவே இடம் ஒதுக்கி எடுக்கிறார்கள். சான்றிதழில் ஏரோஸ்பேஸ் என்று இருந்தால்தான் கதவு திறக்கும் என்பது தவறான எண்ணம்.


டெக்சாஸிலிருந்து எழுதியது:

நான் மூன்றாவது வழியில் வந்தவன். 2014-இல் இதே மாதிரி மெக்கானிக்கல் அண்ட் ஏரோஸ்பேஸ் டிபார்ட்மெண்டில் எம்.எஸ். சேர்ந்தேன். இங்கே பல பல்கலைக்கழகங்களில் இரண்டும் ஒரே டிபார்ட்மெண்ட். பிரின்ஸ்டன், கார்னெல், ஓஹையோ ஸ்டேட், சான் டியாகோ எல்லாம் அப்படித்தான். படிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வகுப்பு, லைப்ரரி, கம்ப்யூட்டர் வசதி எல்லாமே தரம்.

ஆனால் இதை யாரும் எனக்கு ஊரில் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் கேரியர் ஃபேர் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, இருபது ரெஸ்யூமே. ராக்கெட் கம்பெனி ஒன்றின் முன்னால் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அந்த அம்மா ரெஸ்யூமேவை வாங்குவதற்கு முன் கேட்ட கேள்வி: நீங்கள் யு.எஸ். பெர்சனா? இல்லை என்றேன். மன்னிக்கவும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அன்று நான்கு இடத்தில் இதே கேள்வி.

காரணம் ஐடார் என்கிற ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள். ராக்கெட், ராணுவ விமானம், பல வகைச் செயற்கைக்கோள் தொழில்நுட்பம் எல்லாம் அதற்குள் வருகிறது. வெளிநாட்டவருக்கு வரைபடத்தைக் காட்டுவதே ஏற்றுமதி செய்ததற்குச் சமம். அதனால் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு, இல்லையென்றால் அகதி அந்தஸ்து உள்ளவர்களைத்தான் அந்த வேலைகளில் எடுக்க முடியும். தனி அனுமதி வாங்கிக்கூட எடுக்கலாம், ஆனால் புதிதாகப் படித்து முடித்தவருக்காக எந்தக் கம்பெனியும் அந்த மெனக்கெடல் எடுப்பதில்லை. நம்மவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கு மேல் இழுக்கிறது. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம், ஆக மூன்று வருடம். அதற்குள் ஹெச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

நான் இப்போது ஏர் கண்டிஷனர் கம்ப்ரஸர் வடிவமைப்பில் இருக்கிறேன். நல்ல வேலை, மனதுக்குப் பிடித்தே செய்கிறேன். ஆனால் ராக்கெட்டுக்காக வந்தேன் என்பதை மறக்க முடியவில்லை. ஆராய்ச்சி என்று வந்தால் கதை வேறு. பல்கலைக்கழகத்துக்குள் வெளிப்படையாகப் பிரசுரிக்கிற அடிப்படை ஆராய்ச்சிக்கு இந்தத் தடை இல்லை. பிஎச்.டி.க்கு, ஃபண்டிங்கோடு, பின்னால் வாருங்கள். பட்டறையை அடமானம் வைத்து எம்.எஸ்.ஸுக்கு மட்டும் வர வேண்டாம். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.


ஏழாம் ஷெட் எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைக் காலையிலேயே படித்துவிட்டேன். “மறுபடியும் பம்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் போயும் அந்த வரி என்னை விடவில்லை. ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ராக்கெட் என்று நாம் நினைப்பது நெருப்பை. ஆனால் திரவ எரிபொருள் ராக்கெட்டை நிறைய முறை கவிழ்த்தது பம்புதான். ஜப்பானின் எச்-2 ராக்கெட் 1999 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் முதல் கட்ட இன்ஜின் சட்டென்று நின்றுபோனது. ஏன் என்று கண்டுபிடிக்க அவர்கள் கடலுக்குள் போனார்கள். ஒகசவாரா தீவுகள் பக்கம், கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஆழத்தில் தேடி, அந்த இன்ஜினைத் தூக்கிக் கொண்டுவந்தார்கள். திரவ ஹைட்ரஜன் பம்பின் முகப்பில் இருக்கும் இன்டியூசர் என்ற சக்கரத்தில் ஒரு பிளேடு உலோகக் களைப்பால் உடைந்திருந்தது. அந்தக் களைப்புக்குக் கேவிட்டேஷன் ஒரு முக்கிய காரணம். உங்கள் டெஸ்ட் பெஞ்சில் சக்ஷன் வால்வை நெருக்கும்போது உள்ளே ஜல்லியை உருட்டுவது போல ஒரு சத்தம் வருமே, அதுதான். நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் போகும் பம்பில் அதே விஷயம்.

ஏன் அங்கே அவ்வளவு மோசம் என்றால், ராக்கெட் டாங்கின் சுவரைத் தடிமனாக வைக்க முடியாது, எடை. அதனால் டாங்கின் அழுத்தம் குறைவு, பம்பின் வாயிலில் திரவம் கொதிக்கும் எல்லையிலேயே நிற்கிறது. பம்போ சின்னதாக, வேகமாக இருக்க வேண்டும். அந்த நெருக்கடியைத் தாங்குவதற்காகத்தான் பம்பின் முக்கியச் சக்கரமான இம்பெல்லருக்கு முன்னால் திருகு மாதிரி இன்டியூசர் வைக்கிறார்கள். கேவிட்டேஷன் வரும் என்று தெரிந்தே, அதோடு வாழப் பழகிய சக்கரம் அது.

நான் சாத்தூர்ப் பக்கம். திருச்சியில் ஒரு வால்வு கம்பெனியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, 2009-இல் ஐஐடி ஒன்றில் எம்.எஸ். சேர்ந்தேன். மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்தான். எனக்கும் ஏரோஸ்பேஸ் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரியும். சேர்ந்த முதல் வருடம், 2010 ஏப்ரல் 15, ஜிஎஸ்எல்வி-டி3. நம் சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு முதல் முறை. லேபில் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஒன்பது பேர் நின்று பார்த்தோம். மேல் கட்டம் தொடர்ந்து எரியவில்லை, போய்விட்டது. அப்புறம் இஸ்ரோ காரணத்தை வெளியிட்டபோது எங்கள் கைடு அதை வகுப்பில் வாசித்தார். எரிபொருள் பூஸ்டர் டர்போபம்பு 34,800 சுற்று வரை போயிருக்கிறது, இன்ஜின் பற்றிய பிறகு ஒரு விநாடி முடிவதற்குள் வேகம் இறங்க ஆரம்பித்து நின்றுவிட்டது. சீல் ஒன்று இறுகி ரோட்டார் பிடித்திருக்கலாம், அல்லது டர்பைன் உறை வெடித்திருக்கலாம் என்றார்கள். வாசித்து முடித்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 நம் சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு வெற்றிகரமாக மேலே போனபோது நான் படிப்பை முடித்து வேலைக்கு வந்துவிட்டேன். ஆபீஸ் கேண்டீனில் அழுதேன்.

என் வேலையைச் சொல்கிறேன், எம்.எஸ். என்றால் என்ன என்று உங்களுக்குப் புரியும். எங்கள் ரிக், அதாவது பம்பைச் சோதிக்கும் அமைப்பு, ஏழாம் நம்பர் ஷெட்டில் இருந்தது. ஹைட்ரஜனை மாணவர்கள் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள், தண்ணீர்தான். ஓட்டத்தையும் வாயில் அழுத்தத்தையும் வேகத்தோடு ஒப்பிடும் எண்களான ஃப்ளோ கோயஃபிஷியன்ட்டும் கேவிட்டேஷன் எண்ணும் இரண்டு பம்பிலும் ஒரே அளவில் இருந்தால், 4,000 சுற்றில் தண்ணீரில் பார்ப்பது நிறைய விஷயத்தைச் சொல்லிவிடும். ஹைட்ரஜன் ஆவியாகும்போது தன்னைத் தானே குளிரவைத்துக்கொண்டு கேவிட்டேஷனைக் கொஞ்சம் அடக்கும், தண்ணீர் அப்படிச் செய்யாது. அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூடிய லூப், ஒரு டாங்க், டாங்கின் தலையில் வேக்குவம் பம்பு. மறுநாள் டெஸ்ட் என்றால் முந்தின இரவே தண்ணீரிலிருந்து கரைந்த காற்றை எடுக்க ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே பால் கலக்கினது போல ஆகிவிடும், ஒன்றும் தெரியாது. காலையில் விளக்கை அணைத்து, ஸ்ட்ரோப் லைட்டை மட்டும் தண்டின் வேகத்துக்குப் பூட்டுவோம். சுற்றுகிற பிளேடுகள் அப்படியே உறைந்து நிற்கும். வேக்குவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், முதலில் பிளேடின் முனையிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பும். அப்புறம் அது தடிக்கும். அப்புறம் ஒரு கட்டத்தில், மூன்று பிளேடிலும் ஒன்றாக இருந்த அந்த வெள்ளைப் படலம் ஒன்றில் பெரிதாகி அடுத்ததில் சிறுக்க ஆரம்பிக்கும். பெரிதாக இருப்பது பிளேடு விட்டுப் பிளேடு நகரும். தண்டைவிடச் சற்று வேகமாக ஒரு குமிழ்க் கூட்டம் உள்ளே தனியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். சுழலும் கேவிட்டேஷன் என்பது இதுதான். பேரிங்கில் வைத்த சென்சாரில் அந்த அலைவரிசை தனியாக எழும்பி நிற்கும். முதல் முறை அதைக் கண்ணால் பார்த்த நாளை நான் என் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது.

அதில் ஐந்து மாதம் என் தவறு. உள்ளே பார்ப்பதற்காகப் பம்பின் உறையைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்திருந்தோம். கைரேகை படிந்திருக்கிறதே என்று ஒருநாள் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டேன். ராத்திரிக்குள் உறை முழுவதும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அப்போது லேபில் புதிதாகச் செய்யப் பணம் இல்லை, கைடு வெளிநாட்டில். எனக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லை. கடைசியில் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர்தான் மூன்று நாள் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, எவ்வளவு மெல்லிய வெட்டு, எவ்வளவு வேகம் என்று பார்த்துப் பார்த்துக் கடைந்து கொடுத்தார். என் தீசிஸின் நன்றியுரையில் கைடுக்கு அடுத்து அவர் பெயர்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், லேத் பட்டறையில் வளர்ந்து, நான்கு வருடம் பம்பை டெஸ்ட் செய்து, காதாலேயே கேவிட்டேஷனைக் கண்டுபிடிக்கிற ஒருத்தி அந்த லேபுக்குள் போனால், என்னைவிட ஒரு வருடம் முன்னால் நின்று ஆரம்பிப்பாள். ஏரோடைனமிக்ஸ் எம்.டெக்கில் போய் உட்கார்ந்தால் நீங்கள் நாற்பது பேரில் ஒருத்தி. அது கெட்ட வழி என்று சொல்ல மாட்டேன். எனக்கு எது பிடிக்கும் என்று இன்னும் தெரியவில்லை, இரண்டு வருடத்தில் முடித்து வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு எம்.டெக்தான் சரி. ஒரு வருடம் பாடம், ஒரு வருடம் ப்ராஜெக்ட், கணக்காக முடிந்துவிடும். எம்.எஸ். அப்படி இல்லை. பாடம் கொஞ்சம், மீதியெல்லாம் தீசிஸ். இரண்டரை, மூன்று வருடம்கூட ஆகலாம். உதவித்தொகை இரண்டுக்கும் இப்போது மாதம் 12,400 ரூபாய்தான். ஹாஸ்டல், மெஸ் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஏரோஸ்பேஸ் பாடம் வேண்டும் என்றால் எம்.எஸ்.ஸில் இருந்துகொண்டே அந்த டிபார்ட்மெண்டில் போய் எடுக்கலாம். நான் கேஸ் டைனமிக்ஸும் ராக்கெட் ப்ரொபல்ஷனும் அங்கேதான் படித்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடாதீர்கள். எம்.எஸ்.ஸில் டிபார்ட்மெண்ட் பெயரைவிட கைடும் ரிக்கும்தான் உங்கள் தலையெழுத்து. நாளைக்கே அந்த லேபில் இப்போது இருக்கிற மாணவர் யாரையாவது போனில் பிடியுங்கள். கைடிடம் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார். ரிக் இன்று ஓடுகிறதா, கடைசியாக எந்த மாதம் டேட்டா எடுத்தார்கள் என்று கேளுங்கள். “வரப்போகிறது” என்றால் அதை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள் என்று அர்த்தம், இரண்டு வருடம் அதிலேயே போகும். கடைசி மூன்று பேர் எம்.எஸ். முடிக்க எத்தனை வருடம் எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சென்சார் எரிந்தால் புதிது வாங்க எவ்வளவு நாள் ஆகிறது என்று கேளுங்கள். கைடு மாதத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கிறார் என்றும் கேளுங்கள், எனக்கு அது வலித்த இடம். ரிக் ஓடவில்லை, ஆளும் இல்லை என்று பதில் வந்தால், யோசிக்காமல் எம்.டெக்கில் அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ் (இடத்தை ஏற்று உறுதி செய்வது) கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்கா பற்றி டெக்சாஸ் சகோதரர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. பட்டறை இடம் அப்படியே இருக்கட்டும்.


கணபதி பட்டறை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. டெக்சாஸ் அண்ணா எழுதியதை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தை பீரோவில் திரும்ப வைத்துவிட்டார்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி நேற்று அந்த லேபில் இரண்டாம் வருடம் இருக்கிற ஒருவரைப் பிடித்துப் பேசினேன். முக்கால் மணி நேரம் பேசினார். ரிக் ஓடுகிறதாம். போன மாதம்தான் டேட்டா எடுத்திருக்கிறார்கள். கடைசி மூன்று பேரில் இரண்டு பேர் இரண்டரை வருடத்தில் முடித்திருக்கிறார்கள், ஒருவர் பிஎச்.டி.யாக மாற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். கைடு எல்லா வாரமும் ஷெட்டுக்கு வருவாராம். ஆனால் மூன்றாவது இன்டியூசருக்கான உறை இன்னும் வரவில்லை, வெளியில் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். அக்ரிலிக்தான். எனக்கு உங்கள் அசிட்டோன் கதை ஞாபகம் வந்தது.

டெஸ்ட் பெஞ்சில் என்ன சத்தம் கேட்கும் என்று அவரும் என்னிடம் விசாரித்தார். இதுவரை என் வேலையைப் பற்றி அப்படி யாரும் கேட்டதில்லை.

இன்று மதியம் எம்.டெக் ஆஃபருக்கு ரிஜெக்ட் அண்ட் வெயிட் கொடுத்துவிட்டேன். விரல் நடுங்கியது. எம்.எஸ்.ஸுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

அப்பாவிடம் உறை விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலமே டவுன்ஹால் பக்கம் போய் 150 மில்லிமீட்டர் அக்ரிலிக் ராடு துண்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார், கடைந்து பழகிப் பார்க்கலாம் என்று. கடைந்த பிறகு சூடு காட்ட வேண்டும் என்கிறார்களே, அது எப்படி? வெடிக்காமல் இருக்க வேறு என்ன பார்க்க வேண்டும்?


ஏழாம் ஷெட் எழுதியது:

முதலில் அந்த ராடு வார்த்ததா, எக்ஸ்ட்ரூட் செய்ததா (அச்சு வழியே பிதுக்கியதா) என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். வார்த்ததுதான் வேண்டும். மற்றது கடையும்போதே சூடேறி டூலில் ஒட்டும், உள்ளே இறுக்கமும் அதிகம். டூல் புத்தம் புதிதாகத் தீட்டியதாக இருக்கட்டும், கடைசி வெட்டு மெல்லியதாக. எண்ணெய் கலந்த கூலண்ட் வேண்டாம், காற்று ஊதினால் போதும். இல்லையென்றால் சுத்தமான தண்ணீர்.

கடைந்து முடித்ததும் 80 டிகிரியில் ஓவனில் சில மணி நேரம் வையுங்கள். தடிமன் கூடக்கூட நேரமும் கூட வேண்டும். அப்புறம் கதவைத் திறக்கக் கூடாது. அணைத்துவிட்டு ராத்திரி முழுவதும் உள்ளேயே ஆறட்டும். நான் அவசரப்பட்டு ஒருமுறை சூட்டோடு வெளியே எடுத்து இன்னொரு உறையையும் இழந்தேன்.

துடைக்க சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் மட்டும். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் எதுவும் அந்த மேஜைப் பக்கமே வரக்கூடாது. போல்ட் ஓட்டைகளைக் கொஞ்சம் தளர்வாக வைத்து, வாஷருக்கு அடியில் ரப்பர் கொடுங்கள், வெடிப்பு எப்போதும் அங்கிருந்துதான் கிளம்பும். ஜூலையில் ஷெட்டுக்குப் போனதும், மூன்றாவது இன்டியூசருக்கு பிளேடு முனைக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.